ஆறு சால் மல்லாட்டை, ஒரு சால் துவரை

திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்து பி.காம். படிக்கிற ஒருத்திக்கு விவசாயத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று என் வகுப்பில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் தகுதி, அம்மாவின் கழுத்து ஆரம். வருடா வருடம் ஆனி மாதம் அது வங்கிக்குப் போகும். அந்தப் பணம் வந்தவாசிப் பக்கம் என் மாமாவின் கொல்லையில் விதையாகவும் உரமாகவும் கூலியாகவும் மாறும். தை பிறந்ததும் ஆரம் வீட்டுக்கு வரும். சில வருடம் வராது. வட்டியை மட்டும் கட்டி, மறுபடி மாற்றி வைத்துவிட்டு அம்மா பேசாமல் வந்துவிடுவாள். ஆக, அந்தக் கொல்லையில் லாபமா நஷ்டமா என்பது எங்கள் வீட்டுக் கணக்கும்தான்.

முதலில் இரண்டு சொற்கள். கொல்லை என்றதும் வீட்டுப் பின்புறத்தை நினைக்காதீர்கள். வட மாவட்டங்களில் மழையை நம்பிய மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர். மல்லாட்டை என்பது நம் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது.

மாமாவுக்கு இரண்டு ஏக்கர். குறைவாகத் தோன்றுகிறதா? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் கீழே. என் மாமா சரியாகச் சராசரித் தமிழ் விவசாயி!

அவர் ஆடிப்பட்டத்தில் ஆறு சால் மல்லாட்டை போட்டால் ஏழாவது சாலில் துவரை போடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் போட்டார். இந்த வருடம் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "பாப்பா, நீதான் கணக்குப் படிக்கிறியே. தொவரைய எடுத்துட்டு முழுக்க மல்லாட்டையே போட்டா கட்டுப்படி ஆவுமா, பாத்து சொல்லு."

ஏன் திடீரென்று இந்தக் கேள்வி? ஆள் கிடைக்கவில்லை. முன்பு மல்லாட்டை பிடுங்கி, காய் ஆய வந்த பெண்களில் பாதிப் பேர் இப்போது செய்யாறு சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். காலையில் பேருந்து ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. மாதச் சம்பளம், நிழலில் வேலை. யார்தான் போகமாட்டார்கள்? அதனால் டிராக்டரில் மாட்டித் தோண்டும் கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. டிராக்டர்காரர் சொல்வது ஒன்றுதான்: "நடுவுல தொவரை நின்னா வண்டி போவாது."

சரி, கணக்குக்கு வருவோம்.

இரண்டு பயிர் கலந்து போடுவதை அளக்க விவசாய விஞ்ஞானிகள் ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். கலந்து போட்ட ஒரு ஏக்கரில் கிடைத்த விளைச்சலைத் தனித்தனியாகப் போட்டு எடுக்க எத்தனை ஏக்கர் வேண்டும் என்பதுதான் அது. விடை 1-க்கு மேலே வந்தால் கலப்பு லாபம். ஒரு எடுத்துக்காட்டு (எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் நிலத்தில் வேறாக வரும்). தனி மல்லாட்டை ஏக்கருக்கு 8 குவிண்டால் காய், தனித் துவரை 4 குவிண்டால். கலந்தால் மல்லாட்டை 7, துவரை ஒன்றரை. 7-ஐ 8-ஆல் வகுத்தால் 0.875. ஒன்றரையை 4-ஆல் வகுத்தால் 0.375. கூட்டினால் 1.25. அதாவது ஒரு ஏக்கர் நிலம் ஒன்றேகால் ஏக்கர் வேலை செய்கிறது.

இதைப் படித்துவிட்டு "ஆஹா, 25 சதவீத லாபம்" என்று மாமாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வணிகவியல் மாணவிக்கு இங்கே சந்தேகம் வர வேண்டும். மிச்சமானது நிலம். பணம் மிச்சமானதா என்பது தனிக் கேள்வி.

பணத்தில் போட்டுப் பார்க்கிறேன். 2025-26 காரிப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை நிலக்கடலைக்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய், துவரைக்கு 8,000 ரூபாய். (ஊரில் 'கமிட்டி' என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இதைவிடக் கூடவும் போகலாம், குறையவும் போகலாம். ஒரு அளவுகோலுக்காக இதை எடுத்துக்கொள்கிறேன்.)

தனி மல்லாட்டை: 8 குவிண்டாலுக்கு 58,104 ரூபாய். செலவு 32,000 என்று வைத்தால் மிச்சம் 26,104.

கலப்பு: மல்லாட்டை 50,841, துவரை 12,000, மொத்தம் 62,841. செலவு 34,000 என்று வைக்கிறேன், ஏனென்றால் துவரை அறுக்கவும் அடிக்கவும் தனி ஆள் வேண்டும். மிச்சம் 28,841.

வித்தியாசம் 2,737 ரூபாய்தான்! ஆறு மாதம் நிற்கும் ஒரு பயிருக்காக, டிராக்டர்காரரோடு தகராறு செய்து, இவ்வளவுதானா என்று தோன்றும். கூலி கொஞ்சம் ஏறினாலே இதுவும் காலி. உலக அளவிலும் இதுபோன்ற ஒரு முடிவு இருக்கிறது. பல நாடுகளின் கலப்புப் பயிர்ச் சோதனைகளைத் தொகுத்து 2023-இல் வந்த ஓர் ஆய்வு, இரண்டு பயிரில் அதிகம் விளைவதை மட்டும் தனியாகப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தானியத்தைவிடக் கலப்பில் சராசரியாக 4 சதவீதம் குறைவு என்று சொன்னது. நிலம் மிச்சமாகிறது, சரிதான். ஆனால் சாம்பியனை அது தோற்கடிப்பதில்லை.

அப்படியானால் மாமாவின் அப்பா ஏன் துவரை போட்டார்? இதற்குப் பதில் சராசரியில் கிடைக்கவில்லை. கெட்ட வருடத்தைப் பார்த்தபோதுதான் கிடைத்தது.

மல்லாட்டை காய் பிடிக்கிற நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போட்டவருக்கு 8-க்குப் பதில் 3 குவிண்டால். வரவு 21,789, செலவு 32,000. நஷ்டம் 10,211. கலந்து போட்டவருக்கு மல்லாட்டை 2.6 குவிண்டால், ஆனால் பின்னால் பெய்த மழையில் துவரை தேறிவிட்டது. வரவு சுமார் 30,880, செலவு 34,000. நஷ்டம் சுமார் 3,120. நல்ல வருடத்தில் 2,700 ரூபாய் கூடக் கொடுத்த துவரை, கெட்ட வருடத்தில் 7,000 ரூபாயைக் காப்பாற்றுகிறது. ஆரம் திரும்பி வருகிற வருடத்துக்கும் வட்டி மட்டும் கட்டுகிற வருடத்துக்கும் இடையில் இருப்பது இந்த மாதிரி ஒரு தொகைதான்.

இது என் கற்பனைக் கணக்கு மட்டும் இல்லை. ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் 1972-இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ராவ், வில்லி என்ற இருவர் சோளமும் துவரையும் கலந்து போட்ட 94 சோதனைகளை எடுத்து 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே போனால் அதைத் தோல்வி என்று வைத்துக்கொண்டார்கள். தனித் துவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தோற்கிறது. தனிச் சோளம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை. இரண்டும் கலந்தால் முப்பத்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான்! அவர்கள் பார்த்தது சோளம், எங்கள் மாமா போடுவது மல்லாட்டை. எண் அப்படியே பொருந்தாது. ஆனால் வழி ஒன்றுதான்.

அந்த வழி எது? இரண்டுமே மழையை நம்பிய பயிர். மழை இல்லையென்றால் இரண்டும் சேர்ந்துதானே போக வேண்டும்? இங்கேதான் நம் ஊர் வானம் உதவி செய்கிறது. மல்லாட்டைக்கு ஏறக்குறைய 105, 110 நாள். ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் பிடுங்கிவிடலாம். அது தென்மேற்குப் பருவமழையின் பிள்ளை. துவரை முதல் மூன்று மாதம் சோம்பேறி மாதிரி மெல்ல வளரும், பக்கத்துச் சாலுக்குப் பெரிதாக நிழல் போடாது. மல்லாட்டை வெளியேறியதும் கிளை விட்டு அகலும். கார்த்திகை, மார்கழியில் பூத்துக் காய்த்து, தையில் அறுவடை. அது வடகிழக்குப் பருவமழையின் பிள்ளை. வேரும் ஆழம். அதாவது ஒரே கொல்லையில் இரண்டு தனித்தனி மழைகளின் மேல் பணம் கட்டுகிறோம். பருப்புப் பயிர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே இரண்டுமே அந்தச் சாதி என்பதால் அது பெரிய காரணம் இல்லை. காரணம் நாள்காட்டி.

வணிகவியல் நண்பர்களுக்கு இப்போது ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். ஹாரி மார்கோவிட்ஸ். 1952-இல் அவர் எழுதிய கட்டுரை சொன்னது இதைத்தான்: ஒரு பங்கு தனியாக எவ்வளவு தரும் என்று மட்டும் பார்க்காதே, மற்றதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, எதிராக ஏறி இறங்குகிறதா என்று பார். அதற்கு 1990-இல் நோபல் பரிசு. ஏழாவது சாலில் துவரை போட்ட தாத்தாக்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, போகட்டும்.

இந்தப் பாதுகாப்பு எப்போதும் வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, திருவண்ணாமலை மாவட்டத்தில் மழையைக் கொட்டியது. மாமாவின் மல்லாட்டை அதற்குள் வீடு வந்துவிட்டது. துவரை பூவோடு நின்றது, பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. துவரை அடியோடு போனால் என் கணக்குப்படி கலப்புக்காரருக்கு மிச்சம் 16,841தான். தனியாகப் போட்டவருக்கு 26,104. ஒன்பதாயிரம் ரூபாய் குறைவு. அப்போதும் நஷ்டம் இல்லை, கவனியுங்கள். லாபம்தான் குறைந்தது. பத்தாயிரம் நஷ்டப்படுவதும் லாபத்தில் ஒன்பதாயிரம் குறைவதும் காகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்று. கடன் வாங்கியவருக்கு ஒன்று இல்லை.

இரண்டையும் ஒரே காரணம் அடித்தால் கலப்பும் காப்பாற்றாது. இதை நம் ஏரியாவிலேயே பார்க்கலாம். எண்ணூர் கழிமுகத்தில் மீன் பிடிப்பவர்களும் ஒரு மாதிரி கலப்புப் பயிர்க்காரர்கள்தான். இறால், நண்டு, மடவை என்று காலத்துக்கு ஏற்ப மாற்றிப் பிடிப்பார்கள், ஒன்று குறைந்தால் இன்னொன்று. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது இறாலும் போனது, நண்டும் போனது, வலையும் போனது. பல பொருள் வைத்திருப்பது மட்டும் போதாது, அவை வெவ்வேறு காரணத்தால் கெட வேண்டும். மல்லாட்டையும் துவரையும் பெரும்பாலும் அப்படித்தான் கெடுகின்றன.

அடுத்தது விலை. ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் துறைமுகத்திலிருந்து வரும் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். மியான்மரிலிருந்து உளுந்தும் துவரையும் சென்னைத் துறைமுகத்தில் இறங்குகின்றன. சென்னையில் இறங்கும் விலைதான் பர்மா உளுந்துக்கு வியாபாரிகள் சொல்லும் விலை. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நாடு இறக்குமதி செய்கிறது, அதில் பெரும்பங்கு பாமாயில். வந்தவாசிக் கொல்லையில் இருக்கும் இரண்டு பயிருக்கும் கப்பலில் போட்டி வருகிறது. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயை நெருங்கியது. அதைப் பார்த்து நாடு முழுக்க எல்லோரும் துவரை போட்டார்கள். அரசும் 2016-இல் மொசாம்பிக்கோடு இறக்குமதி ஒப்பந்தம் போட்டது. 2017-இல் விளைந்து குவிந்தபோது சந்தை விலை 5,050 ரூபாய் ஆதரவு விலைக்கும் கீழே போய்விட்டது. அந்த வருடம் துவரையை முழு ஏக்கரில் தனியாகப் போட்டவர்கள் அடிபட்டார்கள். ஏழாவது சாலில் போட்டவர்களுக்குக் கீறல்தான். 2021 மே மாதம் துவரை இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டையும் மத்திய அரசு எடுத்துவிட்டது. ரேஷனில் மலிவாகப் பருப்பு வாங்கும் நமக்கு அது நல்லது. மாமாவுக்கு நல்லதா என்பது வேறு விஷயம். ஒரே குடும்பத்தில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறோம்!

இன்னும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. மாமாவின் நோட்டில் துவரை வரவே இல்லை. மல்லாட்டை மூட்டை, விலை, கூலி எல்லாம் இருக்கிறது. துவரை எங்கே என்று கேட்டேன். "அது உங்க அத்தையோட சமாச்சாரம்" என்றார். துவரையை அறுத்து, அடித்து, செம்மண் கட்டி ஊறவைத்து, காயவைத்து உடைப்பது எல்லாம் அத்தை. வீட்டுக்கு ஒரு வருடப் பருப்பு, மகளுக்கு ஒரு பங்கு, பொங்கலுக்கு எங்களுக்கு ஒரு பை. மிச்சத்தை விற்ற பணம் அத்தையிடமே. மிளாறு அடுப்புக்கு. மற்றவர்கள் கொல்லை காலியானதும் ஆடு மாட்டை அவிழ்த்துவிடுவார்கள், அப்போது தனியாக நிற்கும் துவரையைக் காவல் காப்பதும் அத்தைதான். அந்தக் கூலியும் நோட்டில் இல்லை.

செலவுக் கணக்கியலில் இணைப் பொருள், துணைப் பொருள் என்று பாடம் இருக்கிறது அல்லவா? மாமா துவரையைத் துணைப் பொருளாக நினைக்கிறார், சும்மா வந்தது என்று. நான் அதை இணைப் பொருளாக எழுதிப் பார்த்தேன். வீட்டில் சாப்பிடும் பருப்புக்குக் கமிட்டி விலை போடுவது சரியில்லை. அது இல்லையென்றால் கடையில் வாங்கியிருப்போம், ஆகவே கடை விலை போட வேண்டும். அப்படிப் போட்டால் துவரையின் வரவு கூடுகிறது. அத்தையின் வேலைக்கும் காவலுக்கும் கூலி போட்டால் செலவும் கூடுகிறது. இரண்டையும் எழுதாமல் "துவரையில் ஒன்றும் இல்லை" என்று சொல்வதும் தப்பு, "துவரை கொழுத்த லாபம்" என்று சொல்வதும் தப்பு. எழுதிய பிறகு தெரிவது இதுதான்: துவரையை எடுத்துவிட்டால் போவது அத்தையின் வருமானம், மிச்சமாவது மாமாவின் தலைவலி. முடிவெடுப்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர்.

ஆக என் பதில். கிணற்றில் தண்ணீர் இருந்து, கையில் சொந்தப் பணமும் இருப்பவர் தனி மல்லாட்டை போடலாம், கருவியை ஓட்டலாம். ஒரு வருடம் போனாலும் அடுத்த வருடத்துக்குத் தாங்குவார். மழையையும் நகைக்கடனையும் நம்பியிருப்பவர் சராசரி லாபத்தைப் பார்க்கக் கூடாது. மோசமான வருடத்தில் எவ்வளவு போகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் துவரை ஜெயிக்கிறது.

டிராக்டருக்கு என்ன வழி? இதற்கு ஒரு யோசனை சொன்னேன். ஆறுக்கு ஒன்று என்பதைப் பன்னிரண்டுக்கு இரண்டு என்று மாற்றினால் விகிதம் அதேதான். சாலுக்குச் சால் ஓரடி என்றால் பன்னிரண்டு அடி அகலப் பட்டை கிடைக்கும். வண்டி தாராளமாகப் போகலாம். இரண்டு சால் துவரை பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் அதன் விளைச்சல் கொஞ்சம் குறையலாம். அதை விதைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அர ஏக்கர்ல போட்டுப் பாக்கறேன். மீதி எப்பவும் போல" என்றார். அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லியிருக்கிறேன். துவரைக்குத் தனியாக ஒரு நோட்டும் வாங்கி அனுப்பியிருக்கிறேன், அத்தை பெயர் எழுதி.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கலந்து போடுகிறார்களா? எந்தப் பயிரோடு எந்தப் பயிர், ஏன் என்று கேட்டுச் சொல்லுங்கள். கெட்ட வருடத்தில் என்ன நடந்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.